முதல் துணி எடுப்பது எப்படி? கொங்கு நாட்டில் தையல் பழகுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தையல் மெஷின் வந்தாச்சு, கத்தரி, இஞ்ச் டேப், சாக்பீஸ் எல்லாம் தயார். அடுத்து துணி எடுக்க வேண்டும். சோமனூரிலும் பல்லடத்திலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றாது. ஈரோட்டுச் சந்தைக்கும் திருப்பூருக்கும் ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் ஆசையாகத் தைக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் எடுத்த துணியிலேயே கோளாறு இருக்கும். கழுத்து இழுத்துக்கொண்டது, ஓரம் நெளிந்தது, மெஷின் தையலை விட்டு விட்டுப் போட்டது என்பார்கள். தனக்குக் கை வரவில்லை என்று நினைத்து மெஷினை மூடி வைத்திருப்பார்கள். பாவம், அது கையின் குறையே இல்லை.

நம் பக்கத்தில் இது அதிகம் நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஈரோட்டில் மலிவாகவும் கண்ணைப் பறிக்கிற மாதிரியும் கிடைப்பது ரேயான். திருப்பூரில் கிலோ கணக்கில் கிடைப்பது பனியன் துணி. இரண்டும் நல்ல துணிகள்தான். ஆனால் பழகுகிறவர் கைக்கு இந்த இரண்டும் ஆகாது. முதல் துணி வைத்த இடத்தில் நிற்க வேண்டும். வழுக்கக் கூடாது, இழுபடக் கூடாது, வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியக் கூடாது. நடுத்தர கனத்தில், சாதா நெசவில் (ஒரு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறி நெய்வது) உள்ள காட்டன் துணிதான் இதற்கெல்லாம் ஒத்து வரும். கடை மொழியில் சொன்னால் பாப்ளின் அல்லது கேம்ப்ரிக். அவசரமாகக் கடைக்குக் கிளம்புகிறவர்கள் இந்த இரண்டு பெயரை மட்டும் வைத்துக்கொண்டே கிளம்பலாம். பொறுமை இருப்பவர்களுக்கு மீதி.

முதல் படி: என்ன தைப்பது என்று முடிவு செய்யுங்கள்

துணியைப் பார்த்துவிட்டு "இதுல என்ன தைக்கலாம்?" என்று யோசிப்பது கை பழகியவர்களுக்குச் சரி. புதிதாகத் தைப்பவர் என்ன தைக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற துணியைத் தேடிப் போக வேண்டும்.

முதலில் தைக்க ஏற்றவை தலையணை உறை, உள்பாவாடை, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட், குழந்தைக்கு ஒரு சாதா ஃபிராக், பிறகு நைட்டி. இவை எல்லாமே உடம்பை ஒட்டி நிற்காத உடைகள். அரை இஞ்ச் அங்கே இங்கே போனாலும் போட்டுக்கொள்ளலாம். நிறையப் பேர் ஜாக்கெட்டில் ஆரம்பிக்க ஆசைப்படுகிறார்கள். ஒரு மீட்டர் துணிதானே என்று தோன்றும். ஆனால் நாம் போடுகிற உடைகளில் அளவு மிக நுணுக்கமாக வேண்டியது ஜாக்கெட்தான். டார்ட் (உடம்பின் வளைவுக்குப் பிடிக்கிற கூரான மடிப்புத் தையல்), கைக்குழி, பட்டி, கொக்கி என்று அத்தனை வேலையும் அந்த ஒரு மீட்டரில் இருக்கிறது. ஜாக்கெட் நிச்சயம் தைப்பீர்கள், நைட்டியும் பேன்ட்டும் கைக்கு வந்த பிறகு.

இரண்டாவது படி: நெய்த துணியா, பின்னிய துணியா?

துணிகளில் இரண்டு பெரிய சாதி. ஒன்று தறியில் நெய்தது. பாவு நூல் நீளவாக்கிலும் ஊடை நூல் குறுக்கிலும் ஓடும். வேட்டி, சேலை, சட்டைத் துணி எல்லாம் இந்த வகை. இன்னொன்று நிட்டிங் மெஷினில் பின்னியது. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகும். பனியன், டி-ஷர்ட், லெக்கிங்ஸ் இந்த வகை. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர் எல்லாம் தறி ஊர்கள், திருப்பூர் பின்னல் ஊர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பின்னல் துணியை முதலில் தொட வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வளையங்களால் ஆனது என்பதால் அது இழுபடும். வீட்டு மெஷினில் சாதா நேர்த்தையல் போட்டால், துணி இழுபடும்போது கூடவே நீள முடியாமல் தையல் நூல் அறுந்துபோகும். சாதா ஊசியின் கூர்முனை வளையத்தைக் குத்திக் கிழிக்கும், இல்லையென்றால் தையல் தவறும். டி-ஷர்ட்டுக்கான சிங்கிள் ஜெர்சித் துணியை வெட்டி மேஜையில் வைத்துப் பாருங்கள். வெட்டிய ஓரம் தானாகவே சுருண்டுகொள்ளும். அதை நிமிர்த்திப் பிடித்துத் தைப்பது பழகிய கைக்கே கொஞ்சம் சிரமம்.

பின்னாளில் வாங்குவீர்கள் என்பதால் அதன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பனியன் துணியை மீட்டரில் அல்ல, எடையில் விற்பார்கள். எத்தனை ஜிஎஸ்எம் என்று கேட்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். டி-ஷர்ட்டுக்கு 180 ஜிஎஸ்எம் துணி, அகலம் 60 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். 60 இஞ்ச் என்பது 1.52 மீட்டர். 180 பெருக்கல் 1.52 போட்டால் ஒரு மீட்டர் நீளத் துணி ஏறக்குறைய 274 கிராம். ஆக ஒரு கிலோவில் மூன்றரை மீட்டருக்கு மேல் வரும். இந்தக் கணக்கு தெரியாமல் "ரெண்டு கிலோ குடுங்க" என்று சொல்லிவிட்டால் ஏழு மீட்டர் துணியோடுதான் வீட்டுக்கு வருவீர்கள்.

மூன்றாவது படி: நார் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர் பக்கம் காயும் வெயிலுக்குக் காட்டனை விட்டால் வேறு துணி உடம்பில் நிற்காது. வியர்வையை இழுக்கும், காற்று விடும், எத்தனை சூடாக இஸ்திரி போட்டாலும் தாங்கும். தைப்பவருக்கு அதைவிடப் பெரிய லாபம், மடித்து அழுத்தினால் மடித்தபடி நிற்கும். ஓரம் மடித்து அடிக்கும்போது இந்தக் குணத்தின் அருமை புரியும்.

ரேயான் மரக்கூழிலிருந்து எடுக்கும் நார். காட்டன் மாதிரியே குளிர்ச்சி, அதைவிட வழவழப்பு, உடம்பில் அழகாக விழும். அந்த 'விழும்' குணம்தான் பழகுகிறவருக்கு வினை. மேஜையில் விரித்து வெட்டும்போதே நகர்ந்துகொண்டிருக்கும். நேராக வெட்டினோம் என்று நினைப்போம், தைத்த பிறகு பார்த்தால் ஒரு பக்கம் தொங்கும். நனைந்தால் ரேயான் நூலின் வலு வெகுவாகக் குறையும். அதனால் முறுக்கிப் பிழியவும் கூடாது. சுருங்குவதும் காட்டனைவிட அதிகம். முதல் சில உடைகளுக்குப் பிறகு எடுத்தால் அருமையான துணி.

பாலியஸ்டர் சுருங்காது, கசங்காது, சாயம் போகாது. ஆனால் வெயிலில் புழுங்கும். ஜார்ஜெட், கிரேப், சாட்டின் என்று மினுக்கிக்கொண்டு வருவதில் பெரும்பகுதி இதுதான். ஊசிக்கடியில் வழுக்கும், இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் சூடேறினால் இளகிவிடும். இப்போதைக்கு வேண்டாம். காட்டனும் பாலியஸ்டரும் கலந்த துணி சட்டைக்கு நிறைய வருகிறது. பழகுவதற்கு மோசமில்லை, மடிப்பு மட்டும் காட்டன் அளவுக்கு நிற்காது.

கடையில் "இது காட்டனுங்களா?" என்று கேட்டால் "காட்டன்தானுங்க அம்மணி" என்றுதான் பதில் வரும். பல நேரம் சொல்பவருக்கே உறுதியாகத் தெரியாது. அதனால் ஒரு சாண் துணி வாங்கி வந்து வீட்டில் எரித்துப் பார்க்கலாம். ஓரத்திலிருந்து பாவு நூல் இரண்டு, ஊடை நூல் இரண்டு தனித்தனியாக உருவிக்கொள்ளுங்கள். இந்தத் தனித்தனி முக்கியம். பாவு ஒரு நார், ஊடை வேறு நார் என்று நெய்த துணிகளும் சந்தையில் உண்டு. தண்ணீர் நிறைந்த ஒரு கிண்ணத்துக்கு மேலே, இடுக்கியில் பிடித்து, நூல் முனையைத் தீயில் காட்டுங்கள். காட்டனாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனையோடு சட்டென்று பற்றி எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். ரேயானும் இப்படியேதான் எரியும், எனவே இந்தச் சோதனையில் இரண்டையும் பிரிக்க முடியாது. பாலியஸ்டர் தீயைக் கண்டதும் பின்வாங்கிச் சுருங்கும், உருகும், கரும்புகை விடும். ஆறிய பிறகு முனையில் கெட்டியான கறுப்பு மணி ஒன்று இருக்கும், நகத்தால் நசுக்கினாலும் உடையாது. பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் வீசும், அதன் கரி விரலில் பொடியும். கலப்புத் துணி என்றால் கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் கெட்டி. சூடு முழுவதும் ஆறும் முன் அந்த மணியைத் தொடாதீர்கள், விரலில் ஒட்டிச் சுட்டுவிடும்.

நான்காவது படி: கடைப் பெயர்களைப் பழகுங்கள்

பாப்ளின் என்பது நெருக்கமாக நெய்த சாதா நெசவுத் துணி. உள்பாவாடைக்கு எடுக்கிறோமே, அதே துணிதான். எல்லா நிறத்திலும் கிடைக்கும், விலை குறைவு, மடித்தால் நிற்கும், கையால் கிழித்தால் நேராகக் கிழியும். கேம்ப்ரிக் அதைவிடக் கொஞ்சம் மெல்லியது, மேற்பரப்பில் லேசான மினுமினுப்பு இருக்கும். பிரிண்ட் போட்ட நைட்டி, சுடிதார் துணிகளில் நிறைய வருகிறது. பழகுவதற்கு இந்த இரண்டையும்விட நல்ல துணியை எனக்குத் தெரியாது.

டூ பை டூ ரூபியா ஜாக்கெட் துணி. இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூலைப் பாவிலும் ஊடையிலும் போட்டு நெய்ததால்தான் அந்தப் பெயர். மெல்லியதாக இருந்தாலும் உறுதி. ஜாக்கெட் தைக்கும் காலத்துக்கு எடுத்து வையுங்கள். ஃபுல் வாயிலும் மல்மல்லும் மிக மெல்லியவை. தொட்டால் சுகமாக இருக்கும், தைக்கும்போது ஊசித் தட்டின் ஓட்டைக்குள் இழுத்துக்கொண்டு போகும். லைனிங் (உள்துணி) கொடுக்கவும் கைக்குழந்தைச் சட்டைக்கும் பின்னால் உதவும்.

காடா துணி நம் விசைத்தறிகளின் அடிப்படைச் சரக்கு. வெளுக்காதது, சாயமில்லாதது, பருத்திக்கொட்டைத் துணுக்கு அங்கங்கே கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இதை ஒத்திகைத் துணியாக வைத்துக்கொள்ளலாம். எந்த உடையையும் நல்ல துணியில் வெட்டும் முன் காடாவில் ஒரு முறை வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, போட்டுப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். நன்றாகத் துவைத்த பிறகே வெட்ட வேண்டும், கஞ்சியும் சுருக்கமும் அதில் அதிகம். காடா கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கிற பழைய காட்டன் வேட்டி போதும்.

பிறகு, யாரும் அதிகம் சொல்லாத ஒன்று: லுங்கி. ஈரோட்டிலும் குமாரபாளையத்திலும் மலிவாகக் கிடைக்கிற கட்டம் போட்ட காட்டன் லுங்கி, மூட்டாதது, ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் இருக்கும். அந்தக் கட்டங்கள் அச்சடித்தவை அல்ல, கலர் நூலில் நெய்தவை. அதாவது ஒவ்வொரு கோடும் பாவு நூலோடும் ஊடை நூலோடும் மிகச் சரியாக ஓடுகிறது. அந்தக் கோட்டைப் பிடித்து வெட்டினால் துணி நேராக வெட்டுப்படும், அந்தக் கோட்டைப் பார்த்துத் தைத்தால் தையல் நேராக ஓடும். ஸ்கேல், சாக்பீஸ் எதுவும் இல்லாமலே கை நேர் பழகுகிறது. எலாஸ்டிக் பேன்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் துணி இல்லை. வாங்கும்போது காட்டன் லுங்கிதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பாலியஸ்டர் கலந்ததும் வருகிறது.

நூல் நம்பரும் காதில் விழும். நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர், நூறாம் நம்பர் என்பார்கள். 840 கெஜ நீள நூலைச் சுற்றினால் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் அப்படி எத்தனை சிட்டங்கள் வருகின்றன என்பதே அந்த எண். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். பழகுவதற்கு நாற்பதிலிருந்து அறுபது வரை உள்ள நூலில் நெய்தது சரியாக இருக்கும்.

ஐந்தாவது படி: கடையில் கையால் சோதியுங்கள்

இந்தப் படியில்தான் அவசரப்படவே கூடாது. துணியை எடுத்துப் போடச் சொல்லத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயங்காதீர்கள். "அண்ணா, அந்தத் தானைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்களேன்" என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். கடை விளக்கில் வேண்டாம், வாசலுக்கு எடுத்துப் போங்கள். நிறமும் அங்கேதான் உண்மையாகத் தெரியும். நெசவு எங்கும் ஒரே நெருக்கமாக இருக்க வேண்டும். நூல் விட்ட இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை இருந்தால் அங்கேயே சொல்லி, அந்தப் பகுதியைத் தள்ளி வெட்டச் சொல்லலாம்.

அடுத்து, ஒரு மூலையைக் கைக்குள் கசக்கி, பத்து பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். பாப்ளினும் கேம்ப்ரிக்கும் மிதமாகக் கசங்கும், அது இயல்பு. காகிதம் மாதிரி முறுக்காக இருந்து, இரண்டு கையிலும் வைத்துத் தேய்த்தால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா? அது கஞ்சி. ஒரு துவைப்புக்குப் பிறகு அந்தத் துணி வேறு துணியாகிவிடும்.

பிறகு, இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்துத் துணியை எதிரெதிர்ப் பக்கமாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். நூல்கள் நகர்ந்து நடுவில் சன்னல் மாதிரி இடைவெளி விழுந்தால் அதை வைத்துவிடுங்கள். அப்படிப்பட்ட துணியில் நீங்கள் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும், உட்காரும்போது தையல் ஓரத்தில் துணி பிளக்கும். தையல் அப்படியே இருக்கும், துணிதான் விட்டுப்போயிருக்கும். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் விலக்கே கொடுக்காதீர்கள்.

சாயம் பார்க்க, வெள்ளைக் கைக்குட்டையை லேசாக ஈரமாக்கித் துணியின் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். கொஞ்சம் கறை ஒட்டினால் முதல் சில துவைப்பில் சரியாகிவிடும். கைக்குட்டை அந்த நிறமாகவே மாறினால் வேண்டாம். வீட்டில் கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது நம் வீடுகளில் தலைமுறையாக வரும் பழக்கம். சாயம் நிற்பதும் போவதும் சாயப்பட்டறையிலேயே முடிவாகிவிடுகிறது, உப்புத் தண்ணீரில் அதை மாற்ற முடியாது.

பிரிண்ட் துணியென்றால் பூவும் கோடும் ஓரக் கரைக்கு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். அச்சு சாய்ந்திருந்தால், நூலுக்கு நேராக வெட்டினால் பூ சாயும், பூவுக்கு நேராக வெட்டினால் உடை முறுக்கிக்கொள்ளும். தப்பிக்க வழி இல்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் துணிக்கு நடுத்தர நிறத்தில், துணி முழுக்கச் சிறு பூப்போட்ட பிரிண்ட்தான் என் பரிந்துரை. சாக்பீஸ் கோடு தெரியும், நல்ல பக்கம் எது உள்பக்கம் எது என்ற குழப்பம் வராது, தையல் கொஞ்சம் கோணினாலும் கண்ணில் படாது. கறுப்புத் துணியில் தையலைப் பிரிக்க வேண்டி வந்தால் கண் வலி. பெரிய கட்டம், பட்டைக் கோடு, ஒரே திசையில் நிற்கிற மயில், மரம் போன்றவற்றைத் தள்ளிப்போடுங்கள். தையல் சேருமிடத்தில் அவற்றைப் பொருத்தவே 25, 30 சென்டிமீட்டர் துணி கூடுதலாக வேண்டும்.

ஆறாவது படி: பன்னாவைக் கேட்டு, மீட்டரைக் கணக்கிடுங்கள்

"எத்தனை மீட்டருங்க?" என்று கடைக்காரர் கேட்கும் முன் "பன்னா எவ்வளவுங்க?" என்று நீங்கள் கேட்க வேண்டும். துணியின் அகலம்தான் பன்னா. 36, 44, 58 இஞ்ச் ஆகியவை அதிகம் கிடைப்பவை. பாப்ளின் பெரும்பாலும் 36, சுடிதார் துணிகள் 44, சட்டைத் துணி பல நேரம் 58.

ஒரு குர்த்தியை வைத்துக் கணக்குப் போடுவோம். உயரம் 42 இஞ்ச், தோளுக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து 2 இஞ்ச், ஆக 44. அடியில் விரிவோடு சேர்த்து முன்பக்கம் ஒன்று 26 இஞ்ச் அகலம், பின்பக்கமும் அதே. 44 பன்னாவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது, ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்க வேண்டும். அப்போது நீளம் 88 இஞ்ச், அதாவது ஏறக்குறைய 2.25 மீட்டர். பக்கத்தில் மிச்சமாகிற 18 இஞ்ச் அகலத்தில் கைகள் வந்துவிடும். சுருக்கத்துக்கும் சேர்த்து 2.5 மீட்டர் வாங்குங்கள். இதே குர்த்தி 58 பன்னாவில்? 26-ம் 26-ம் 52, இரண்டும் அருகருகே நிற்கும். 44 இஞ்ச் நீளம், கைக்கு ஒரு 12 இஞ்ச், மொத்தம் 56 இஞ்ச். சுருக்கம் சேர்த்து 1.6 மீட்டரில் வேலை முடிந்துவிடும். மீட்டர் விலை கூடினாலும் பெரிய பன்னா பல நேரம் லாபமாக இருப்பது இதனால்தான்.

பொதுவாக உள்பாவாடைக்கு 36 பன்னாவில் 2 முதல் 2.5 மீட்டர், நைட்டிக்கு 44 பன்னாவில் 3 மீட்டர், ஜாக்கெட்டுக்கு ஒரு மீட்டர் போதும். பழகும்போது எதற்கும் கால் மீட்டர் சேர்த்தே எடுங்கள். தையலை முதலில் ஓட்டிப் பார்க்க அதே துணியில் ஒரு துண்டு வேண்டும்.

இன்னொன்று: காட்டன் துணியைக் கத்தரியால் வெட்டாமல் கிழித்துத் தரச் சொல்லுங்கள். கிழித்தால் ஊடை நூலோடு நேராகப் போகும். கத்தரி சாய்ந்து போனால் நாலைந்து சென்டிமீட்டர் உங்களுக்குத்தான் நஷ்டம்.

எங்கே வாங்குவது?

ஈரோட்டில் ஜவுளி வாரச்சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை நடக்கும். கனி மார்க்கெட்டைச் சுற்றி பிரிண்ட் காட்டன், ரேயான், லுங்கி, துண்டு எல்லாம் குவிந்திருக்கும். முக்கியமாக மொத்த வியாபாரம், சில்லறையும் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பழகுகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது, நின்று தடவிப் பார்க்க இடமே இருக்காது. கோவையில் ஒப்பணக்காரத் தெரு, பெரிய கடைவீதிப் பக்கம் எல்லாத் துணியும் கிடைக்கும்.

ஆனால் முதல் துணியை உங்கள் ஊரிலேயே, டெய்லர்கள் லைனிங்கும் நூலும் எடுக்கிற சின்னக் கடையில் வாங்குங்கள். அந்தக் கடைக்காரருக்கு எந்தப் பாப்ளின் சுருங்கும், எந்த நிறம் வெளுக்கும் என்று அத்துப்படி. "இப்பத்தானுங்க பழகறேன்" என்று சொன்னால் அவரே சரியானதை எடுத்துப் போடுவார். கட் பீஸ் கூடையும் அங்கே இருக்கும். தலையணை உறைக்கும் குழந்தை ஃபிராக்குக்கும் அது போதும். அதில் கிழிசலும் சாயம் மங்கியதும் இருக்கலாம், முழுதாகப் பிரித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

கைத்தறி எடுக்க ஆசைப்பட்டால் கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் காதி கடைகளிலும் பார்க்கலாம். அற்புதமான துணி, நம் நெசவாளிகளின் உழைப்பு. கொஞ்சம் சுருங்கும், ஓரம் சீக்கிரம் பிரியும், அதனால் இரண்டாவது மூன்றாவது உடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னிமலைப் போர்வையைப் பார்த்தால் பை தைக்கலாம் என்று கை பரபரக்கும். தைக்கலாம், 16-ஆம் நம்பர் ஊசி போட்டு. பவானி ஜமுக்காளத்தை மட்டும் வீட்டு மெஷினில் ஏற்றாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

வாங்கி வந்த அன்றே வெட்டக் கூடாது. காட்டன் துணி 5 சதவீதம் சுருங்கினாலும் 2.5 மீட்டரில் 12 சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போகும். தைத்த பிறகு சுருங்கினால் உடையே போச்சு. சாதாத் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் அலசி, முறுக்காமல் நிழலில் போடுங்கள். அடர்ந்த நிறங்களைத் தனித்தனி வாளியில் போடவும். லைனிங் துணியையும் மறக்காமல் நனையுங்கள். மேல்துணி மட்டும் சுருங்கி முடிந்து, லைனிங் பிறகு சுருங்கினால் உடை உள்ளிருந்து பிடித்து இழுக்கும்.

லேசான ஈரத்தில், பாவு ஓடுகிற திசையில் இஸ்திரி போடுங்கள். பிறகு கரையோடு கரை சேர்த்து மடித்துப் பாருங்கள். சமமாகப் படியாமல் முறுக்கிக்கொண்டு நின்றால் துணி கோணியிருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிர் மூலையைப் பிடித்து, குட்டையாக இருக்கிற மூலைப் பக்கம் மெல்ல இழுத்தால் நேராகும். உடையின் நீளம் எப்போதும் பாவு திசையில் வர வேண்டும். எது பாவு என்று சந்தேகம் வந்தால் கரையைப் பாருங்கள், கரை ஓடுகிற திசைதான் பாவு. கரை இல்லாத பீஸ் என்றால் இழுத்துப் பாருங்கள். பாவுவாக்கில் துணி இழுபடாது, ஊடைவாக்கில் கொஞ்சம் இழுபடும், கிராஸில், அதாவது மூலைவாக்கில், நன்றாக நீளும்.

பாப்ளினுக்கும் கேம்ப்ரிக்குக்கும் 14-ஆம் நம்பர் ஊசி, ரேயானுக்கும் வாயிலுக்கும் 11. மிச்சத் துணியை இரண்டாக மடித்து ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கள். மேல்நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவில் பின்னிக்கொண்டு, இரு பக்கமும் ஒரே மாதிரித் தெரிந்தால் வெட்ட ஆரம்பிக்கலாம்.

அடுத்தடுத்து எந்தத் துணி?

பாப்ளினில் உள்பாவாடையும் லுங்கியில் பேன்ட்டும் கேம்ப்ரிக்கில் நைட்டியும் தைத்த பிறகு கைத்தறிக் காட்டனில் ஒரு குர்த்தி தையுங்கள். வெட்டியதும் ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துவிடுங்கள், அல்லது ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்). அதன் பிறகு ரூபியாவில் ஜாக்கெட். ரேயானுக்கு வரும்போது ஓர் உபாயம்: லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, அடியில் செய்தித்தாள் விரித்து, துணியை மடிக்காமல் ஒற்றையாக வைத்து வெட்டுங்கள். நகராது. கழுத்தை வெட்டியவுடன் அதன் ஓரத்தில் ஒரு ஒற்றைத் தையல் ஓட்டிவிட்டால் இழுத்துக்கொள்ளாது. தைத்து முடித்ததும் ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்டு, அதற்குப் பிறகே கீழ் மடிப்பை அடியுங்கள், ரேயான் தன் எடையிலேயே இறங்கும்.

பனியன் துணி கடைசி. முதலில் சுருளாத வகையாக, இன்டர்லாக் துணி அரை கிலோ வாங்குங்கள். முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசியைக் கேட்டு வாங்கி மாட்டி, ஜிக்ஜாக்கைக் குறுகலாக வைத்து, துணியைக் கையால் இழுக்காமல் மெஷின் போகிற போக்கில் விட்டுத் தையுங்கள்.